மனசுக்குள்ளே கிடப்பதை யாரிடம் சொல்வது?

(தண்ணீர்மலை அடிவாரத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "பிள்ளைகளின் படிப்பும் பெற்றோர் கடமையும்" என்பது. அதைப் பற்றிப் பேச எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆகவே தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். நான் மனோதத்துவம் படித்தவன் அல்ல. பயிற்சிக் கல்லூரியிலே சான்றிதழ் வாங்கிய சாதாரணத் தோட்டப்பள்ளி வாத்தியார். ஆனால் இந்த விஷயத்திலே எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

நம் ஊரிலே ஒருவன் கொஞ்சம் ஒரு மாதிரியாக நடந்துகொண்டால் உடனே என்ன சொல்கிறோம்? "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்கிறோம். பிள்ளைகள்கூட வகுப்பிலே ஒருத்தரையொருத்தர் அப்படித்தான் கேலி செய்கிறார்கள். ஈப்போ பக்கத்திலே இருக்கும் அந்த ஆஸ்பத்திரி 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் இன்றைய பெயர் "பகாகியா" ஆஸ்பத்திரி. பகாகியா என்றால் மகிழ்ச்சி. அரசாங்கம் பெயரை மாற்றிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை. இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே எத்தனையோ பேர் தங்கள் மனக்கஷ்டத்தை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். சொன்னால் "மறை கழண்டவன்" என்ற பட்டம் கிடைக்குமே!

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து, "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா" என்றார். மறுநாள் எங்கள் பள்ளியிலே விளையாட்டுப் போட்டி. முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "சரிப்பா, வேலையைப் பாரு" என்றார். அன்று இரவே அவர் போய்விட்டார்.

வீட்டிலே யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "நீ என்னடா பண்ணுவே, விதி" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் யாரிடம் போய் என்னத்தைச் சொல்வது? கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். வழக்கம்போல் பாடம் நடத்தினேன். ராத்திரியிலே தூக்கம் மட்டும் வரவில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, அந்தப் போன் பேச்சையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடப்பேன். ஏழெட்டு மாதம் இப்படியே போனது.

அப்போது நான் வேறொரு தோட்டத்துப் பள்ளியில் இருந்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் புத்தகம் கொண்டுவரவில்லை. கன்னத்திலே அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றான். வகுப்பே அடங்கிப்போனது. எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் காலையிலே அவனுடைய பாட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தக் காலத்திலே ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "வாத்தியாரே, பையன் தப்பு செஞ்சா கண்டிங்க, நான் கேக்க வரல. ஆனா நீங்க அப்படி அடிக்கிற ஆள் இல்லையே. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஏழெட்டு மாதத்திலே யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பிறகு அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடித்தது தப்பு, என் துக்கத்தைக் காட்டி அந்தத் தப்பை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு சொல்லத்தான் தைரியம் வந்தது.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். இருபத்தொரு கேள்விகள். கடந்த ஒரு வாரத்திலே உனக்கு எப்படி இருந்தது என்று கேட்கும். அதிலே ஒரு கேள்வி, சின்ன விஷயத்துக்கெல்லாம் அளவுக்கு மீறி ஆத்திரப்படுகிறாயா என்ற மாதிரி வரும். பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு என்னை ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார்கள்.

நான் போன காரணம் இது. மற்றவர்கள் ஏன் போகிறார்கள்? அங்கே நாற்காலியிலே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களோடு பேசியதிலும், பிற்பாடு படித்ததிலும், பெற்றோர்கள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னதிலும் ஒன்று தெரிந்தது. "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் உடம்பைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றிலே பிசைகிற மாதிரி வலி, பசியில்லை, தூக்கமில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். "டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று நாம் அடுத்த டாக்டரைத் தேடிப் போவோம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வருகிற பிள்ளை எல்லாம் பொய் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

சில பேர் துக்கத்தோடு போகிறார்கள். சில பெண்கள் பிள்ளை பெற்ற பிறகு வருகிற சோர்வோடு போகிறார்கள். பெற்ற குழந்தையைப் பார்த்தும் சந்தோஷம் வரவில்லையே என்று உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருப்பார்கள். நாமோ காத்து கருப்பு என்று வேப்பிலை அடிப்போம். புருஷன் குடிக்கிறான், ஆனால் போகிறவள் பெண்டாட்டி. இது விசித்திரமாகத் தோன்றும். குடிக்கிறவன் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும், தான் உடைந்துபோகாமல் இருக்க வேண்டுமே என்று அவள் போகிறாள். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, பிளாட் வீட்டிலே குடியேறிய பிறகு பேச ஆளில்லாமல் போன பெரியவர்களும் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்திலே விடியற்காலை நூறு பேரோடு நின்றவர், இன்று எட்டாவது மாடியிலே டிவியோடு உட்கார்ந்திருக்கிறார்.

என் மனசிலே ஆழமாகப் பதிந்தவர் ஓர் இளைஞர். அவருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவருக்கு ஒரு நோயும் இல்லை, நன்றாகத் தூங்குகிறார், நல்ல வேலை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கப்பா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவை அடிப்பாரு சார். கோபம் வந்தா எனக்கும் அதே மாதிரி கை ஓங்குது. கல்யாணத்துக்கு முன்னாடி இதை என்னன்னு பாத்துக்கணும்" என்றார். பெரிய பட்டம் வாங்கியவர்களுக்கும் இந்தப் புத்தி வருவது அபூர்வம்.

"ஏன் சார், இதையெல்லாம் வீட்டிலே சொல்லக்கூடாதா? அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எதுக்கு இருக்காங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்ல முடிந்தவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். நல்ல மாமன் மச்சான் வாய்த்தவனுக்கு வேறொருவர் தேவைப்படாமலும் போகலாம். ஆனால் நான் என் அம்மாவிடம் என்ன சொல்ல முடியும்? "அப்பா கூப்பிட்டு நான் வரவில்லை" என்று சொன்னால் அவள் அழுவாள். அப்புறம் அவளைச் சமாதானப்படுத்துகிற வேலையும் எனக்கே வரும். பாசமுள்ள இடத்திலேதான் சில விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை. சொன்னால் நோகுமே என்ற பயம் ஒன்று. நாளைக்கு ஒரு சண்டையிலே அதையே எடுத்துக் குத்திக் காட்டுவார்களே என்ற பயம் இன்னொன்று. நம் விஷயத்திலே பங்காளியாக இல்லாத ஓர் ஆள் தேவைப்படுகிறது. பலர் போவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் சிலர், "எங்களுக்கு முருகன் இருக்கிறான்" என்பார்கள். எனக்கும் இருக்கிறான். 513 படி ஏறி இந்த மலைமேலே போய் அவனிடம் அழுதுவிட்டு வந்தவன்தான் நானும். இறங்கி வரும்போது பாரம் குறைந்த மாதிரி இருந்தது உண்மை. ஆனால் முருகன் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. கவுன்சலர் கேட்கிறார்.

இந்தப் பேச்சு வைத்தியம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும். 1880-ஆம் ஆண்டு வாக்கிலே வியன்னா நகரத்தில் பிராயர் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் வைத்தியம் பார்த்துக்கொண்டார். தகப்பனாரின் நோய்ப்படுக்கைப் பக்கத்திலே இருந்து பணிவிடை செய்து, அதிலே தானும் நோயில் விழுந்தவர். கை அசையாது, சில நாள் தாய்மொழியே வாயில் வராது. டாக்டரிடம் தன் நினைவுகளைப் பேசப் பேச அவருக்குக் கொஞ்சம் இலேசாக ஆனது. "பேச்சு வைத்தியம்" என்ற பெயரை வைத்தது டாக்டர் இல்லை, அந்தப் பெண்தான். வேடிக்கையாக இன்னொரு பெயரும் வைத்தார்: புகைபோக்கி சுத்தம் செய்வது! நம் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டிலே சுவரெல்லாம் கரி எப்படி அப்பிக் கிடக்கும் என்று பார்த்தவர்கள் நீங்கள். அந்தப் பெண் உடனே குணமாகிவிட்டதாகப் பிற்காலத்திலே கதை கட்டினார்கள். அப்படி இல்லை. அதன் பிறகும் ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டுத்தான் மீண்டார். மீண்டபின் ஆதரவற்ற பெண்களுக்காகப் பாடுபட்டு ஜெர்மனியிலே பேர் வாங்கினார். பிராயரோடு சேர்ந்து இதை 1895-இல் புத்தகமாக எழுதியவர்தான் புகழ்பெற்ற பிராய்டு.

லண்டனில் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார், வாழ்க்கை வெறுத்துப் போனவர்கள் எனக்குப் போன் செய்யலாம் என்று அறிவித்தார். அதற்குக் காரணம் பல வருஷத்துக்கு முன்னால் அவர் நடத்திவைத்த ஓர் இறுதிச் சடங்கு. ஒரு சிறுமி வயதுக்கு வந்ததைக் கெட்ட நோய் என்று நினைத்து உயிரை விட்டிருந்தாள். கேட்பதற்கு அவளுக்கு ஆளில்லை. போன் செய்தவர்களிலே பலர் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். பாதிரியாரோ ஒருவர்தான். முன் அறையிலே காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ போட்டுக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளிலே ஓர் அதிசயத்தைப் பாதிரியார் கவனித்தார். பலர் அந்தத் தொண்டர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்! அவரும் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அந்த வழியிலே வந்ததுதான் 1970-இல் கோலாலம்பூரிலே தொடங்கிய பிரண்டர்ஸ் அமைப்பு. நம் பினாங்கிலும் அது இருக்கிறது. சென்னையிலே 1986 முதல் "சினேகா" என்ற பெயரிலே இதே தொண்டு நடக்கிறது.

ஆப்பிரிக்காவிலே ஜிம்பாப்வே என்ற நாடு. அங்கே சிபாண்டா என்று ஒரு மனநல டாக்டர். அவரிடம் வைத்தியம் பார்த்த ஓர் இளம்பெண் 2005-இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டார். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றாள் அந்தத் தாய். ஐயா, இந்த ஒரு பதில் நம் தோட்டத்திலேயும் கேட்டதுதானே! மறு வருஷம் அந்த டாக்டர் பதினான்கு பாட்டிமார்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். கிளினிக்கிலே ரூம் கிடைக்கவில்லை; வெளியே மரத்தடியிலே பெஞ்சு போட்டார். பாட்டி பெஞ்சிலே உட்கார்ந்திருப்பார், மனக்கஷ்டம் உள்ளவர் வந்து பக்கத்திலே உட்கார்ந்து பேசுவார். இருக்கிற பத்துக் கஷ்டத்திலே இந்த வாரம் எதைப் பார்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். சோதித்துப் பார்த்த முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது, வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களைவிட, பெஞ்சிலே பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் சொல்லுக்கு அர்த்தம் "ரொம்ப யோசனை பண்ணுதல்" என்பதாம். நம் கிழவிகளும் அதைத்தானே சொல்கிறார்கள், "இவளுக்கு யோசனை ஜாஸ்தி" என்று!

சரி, உள்ளே போனால் என்னதான் செய்கிறார்கள்? நானும் புத்திமதி சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். சொல்லவில்லை. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு மலாய்க்கார அம்மையார். மலாயில்தான் பேசினேன். "ஏக்கம்" என்பதை மலாயிலே எப்படிச் சொல்வது என்று திணறி, கையை நெஞ்சிலே வைத்துக் காட்டினேன். "ரிண்டு?" என்றார். அதுதான், அதுதான் என்றேன். தமிழ் பேசுகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். முதலில் பார்த்தவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்பதும் தப்பில்லை.

மூன்றாவது தடவை போனபோது எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். வாத்தியாருக்கே வீட்டுப்பாடம்! ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நினைப்பு வருகிறதோ அதை எழுத வேண்டும். பக்கத்திலே, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். "அப்பாவை நான்தான் கைவிட்டேன்" என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்திலே எழுத ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு ராத்திரி, "சரிப்பா, வேலையைப் பாரு" என்று அப்பா சொன்னதை எழுதினேன். அவர் குரலிலே கோபம் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதனால் என் கடன் தீரவில்லை, சம்பளம் கூடவில்லை. பேசினால் எல்லாக் கஷ்டமும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில பேருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். டாக்டர் மருந்து கொடுத்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. எனக்குத் தூக்கம் வந்தது. கை ஓங்குவது நின்றது.

நாம் தனி ஆள் இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சுகாதார அமைச்சின் ஆய்விலே மனச்சோர்வு உள்ளவர்கள் 2019-இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023-இல் 4.6 பேர். நாலு வருஷத்திலே இரண்டு மடங்கு. பத்து லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட. அந்த 2023-இல்தான், உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கும் பழைய 309-ஆம் சட்டப்பிரிவையும் நம் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலே உண்மையைச் சொல்லவே குடும்பங்கள் பயந்தன. இனி அந்தப் பயம் வேண்டாம்.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கிளினிக்கிலே குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தூக்கமில்லை என்று மட்டும் சொன்னாலும் போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள். 15555 என்ற எண்ணிலே சுகாதார அமைச்சின் "ஹீல்" தொலைபேசி 2022 முதல் இருக்கிறது. காசு கொடுத்துத் தனியாரிடம் போவதானால், 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொன்னது வெளியே போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து, ஒரு குழந்தைக்கு யாரோ கொடுமை செய்கிறார்கள் என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்வார்கள். அதை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுவார்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பே வந்துவிட்டால் முறை வரும் வரை காத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், கூட ஓர் ஆளையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற சின்னப் பள்ளிகளிலே முழுநேரக் கவுன்சலர் ஆசிரியர் இருப்பதில்லை. பெரிய பள்ளிக்குத்தான் கொடுக்கிறார்கள். இது எனக்கு வருத்தம்தான். மேலிடத்துக்குக் கேட்டாலும் நல்லதே. ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டிலே சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருந்தால், உங்களுக்குப் பிடித்த எந்த ஆசிரியரிடமாவது வந்து நில்லுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் வயிற்றுவலி என்று சொல்லுங்கள், நாங்கள் புரிந்துகொள்வோம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்று மட்டும். நான் போய்வருகிற விஷயத்தை அந்தப் பாட்டியிடம் ஒரு நாள் சொன்னேன். "அங்க என்னய்யா கொடுக்கிறாங்க?" என்று கேட்டார். ஒன்றும் கொடுப்பதில்லை பாட்டி, நான் பேசுகிறேன், அவர்கள் கேட்கிறார்கள் என்றேன். பாட்டி வெற்றிலையை மடித்து வாயிலே போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அடுத்த தரம் போறப்ப சொல்லுங்க வாத்தியாரே, நானும் வர்றேன். எனக்கும் கொஞ்சம் கிடக்கு" என்றார். அடுத்த வியாழக்கிழமை என் காரிலேயே அழைத்துப் போனேன்.